குற்றமற்ற கொழுப்பு

மருத்துவ விஞ்ஞானம் இதுவரை பெரிய பெரிய நகரங்களில், வெள்ளைக் கோட்டு அணிந்தவர்களின் மூளையில்தான் வளர்ந்து வந்திருக்கிறது. அது முதன்முறையாக ஒரு வயிற்றில் வளர்ந்தது விருத்தாசலத்தில்தான். அந்த வயிறு திரு. கொளஞ்சிநாதன் அவர்களுடையது.

அது சாதாரண வயிறு அல்ல. மின்சார ஃபியூஸுக்கான பீங்கான் கட்டைகளும் கொலு பொம்மைகளும் செய்யும் 'கொளஞ்சி செராமிக்ஸ்' உரிமையாளரின் வயிறு. அதற்கும் மேலாக, 'பீங்கான் உற்பத்தியாளர் நேசக் கூட்டமைப்பு' என்னும் மாபெரும் அமைப்பின் தலைவருடைய வயிறு. அந்த அமைப்பில் உறுப்பினர்களைவிடப் பொறுப்பாளர்கள் அதிகம். பதவி இல்லாமல் யாரும் வாடக்கூடாது என்ற 'நேசம்'தான் காரணம்.

அந்த வயிறு பல வருடங்களாக எரிந்துகொண்டிருந்தது. சாப்பிட்டால் எரியும். சாப்பிடாவிட்டால் கூடுதலாக எரியும். அவர் ஒரு ஏப்பம் விட்டால், சூளைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள்கூட முதலாளி வருகிறார் என்று தெரிந்துகொண்டு ஊர்வம்பை நிறுத்திவிட்டு மண் பிசைய ஆரம்பிப்பார்கள். வேறொருவராக இருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பார். கொளஞ்சிநாதன் ஓடவில்லை.

"சூளை வெச்சிருக்கறவன் வயித்துல சூடு இல்லாம ஐஸா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு ஒரு சோடாவைக் குடிப்பார். எரிச்சல் அடங்காது. ஆனால் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அதுவே அவருக்குப் பாதி நிவாரணம்.

இந்நிலையில் கூட்டமைப்பு ஓர் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தியது. முகாமை ரிப்பன் வெட்டித் தொடங்கி வைப்பது பழைய பாணி என்று மேனேஜர் ராஜ்மோகன் கருதினார். எனவே தலைவர் முதல் ரத்தத்தைத் தந்து தொடங்கி வைத்தார். ஊசி குத்தியபோது முகம் சுளித்துவிட்டதால், போட்டோவுக்காக இன்னொரு முறை குத்தச் சொன்னார்கள். அப்பேர்ப்பட்ட தியாகம்.

முடிவு வந்தது. கொலஸ்ட்ரால் அளவு, இருக்க வேண்டிய கோட்டைத் தாண்டி எங்கோ போய் நின்றிருந்தது.

"மெஷின்ல தப்பா இருக்கும்யா" என்றார் கொளஞ்சிநாதன்.

"இல்லீங்கய்யா. உங்க அந்தஸ்துக்கு ஏத்த மாதிரி வந்திருக்குது" என்றார் ராஜ்மோகன்.

வீட்டில் மனைவி அம்புஜவல்லி அந்தத் தாளைப் படித்துவிட்டு ஆச்சரியமே படவில்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் பிறந்து வளர்ந்தவர்; எதையும் நேராகச் சொல்லிப் பழகியவர்.

"ஒங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நான் கல்யாணம் ஆன வருஷமே சொன்னேனே. இதுக்கு எதுக்கு ரத்தத்த வேற எடுத்தாங்க?"

அன்று மாலையே வீட்டில் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. நெய் நாடு கடத்தப்பட்டது. வடை தடை செய்யப்பட்டது. காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் கொள்ளு ரசம், சாயங்காலம் வெறும் அறிவுரை. கொளஞ்சிநாதன் காந்தியவாதியைப் போல அமைதியாகக் கஞ்சியைக் குடித்துவிட்டு, "வேப்பூர் வரைக்கும் போயிட்டு வரேன். களிமண் லாரி ஒண்ணு நிக்குது" என்று சொல்லிக் காரை எடுப்பார்.

வேப்பூர் நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்பது உண்மைதான். அவை நிற்கும் ஓட்டல் வாசலில் அவருடைய காரும் நிற்கும். உள்ளே தோசைக்கல்லில் பரோட்டாக்கள் அடிவாங்கிக்கொண்டிருக்கும். பிய்த்துப் போட்டு, சால்னாவில் முக்கி, ஆட்டுக்கால் சூப்பையும் குடித்து முடிக்கும்போது தொழில் சம்பந்தமான சகல கவலைகளும் தீர்ந்திருக்கும். வேப்பூரில் களிமண் எங்கே எடுக்கிறார்கள் என்று அம்புஜவல்லி கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொளஞ்சிநாதனுக்கும் தெரிந்திருக்காது.

கடைசியில் அம்புஜவல்லிதான் அவரை டாக்டர் கயல்விழியிடம் இழுத்துப் போனார். சின்ன வயது டாக்டர். எதையும் பொறுமையாகக் கேட்பவர். கொழுப்பைப் பற்றிக் கேட்கப்போனால் அவர் வயிற்றைப் பற்றிக் கேட்டார். எரியுமா, எத்தனை நாளாக, ஏப்பம் வருமா என்று விசாரித்தார். கேள்வி முடியும் முன்பே ஓர் ஏப்பம் தானாகச் சாட்சி சொன்னது. டாக்டர் ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, மறுநாள் காலை 'மாதிரி' கொண்டுவரச் சொன்னார். தரக்கட்டுப்பாட்டுக்கு மாதிரி அனுப்பியே பழகியவர் ஆதலால், கொளஞ்சிநாதன் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பிவைத்தார்.

"உங்க இரைப்பையில ஒரு கிருமி இருக்குதுங்க" என்றார் டாக்டர், முடிவைப் பார்த்துவிட்டு. "ஹெலிகோபாக்டர் பைலோரி."

"ஹெலிகாப்டர் பைலட்டா?"

"பாக்டர்ங்க."

"பாக்டரியா?"

டாக்டர் அதை விட்டுவிட்டார். "பேரு இருக்கட்டும். உங்க எரிச்சலுக்கு இதுதான் காரணமா இருக்கலாம். ரெண்டு வாரம் மாத்திரை தரேன், ஒரு வேளை கூட விடக்கூடாது. இன்னொண்ணு. இந்தக் கிருமி ரொம்ப வருஷமா இருக்கறவங்களுக்கு ரத்தத்துல கெட்ட கொழுப்பு கொஞ்சம் கூடுதலாவும், நல்ல கொழுப்பு கொறைச்சலாவும் இருக்கறதா சில ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. ஆனா..."

'ஆனா' என்ற சொல்லுக்கு அப்பால் கொளஞ்சிநாதனுக்குக் காது கேட்கவில்லை. அவருக்குள் ஆயிரம் பரோட்டாக்கள் ஒரே சமயத்தில் விடுதலையாகிச் சிறகடித்துப் பறந்தன.

"ஆனா, ரெண்டும் சேந்து இருக்குதுன்னா இதனாலதான் அதுன்னு அர்த்தம் இல்ல" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னும் யாரும் அப்படி உறுதியா சொல்லல. அதனால எண்ணெய், பரோட்டா, கறி எல்லாம்..."

"புரிஞ்சிடுச்சிம்மா. பரோட்டா நிரபராதி."

"நான் அப்படி சொல்லலையே!"

"நீங்க வாயால சொல்ல மாட்டீங்க. டாக்டருங்களுக்குன்னு ஒரு கட்டுப்பாடு இருக்கும். எனக்குத் தெரியாதா?"

காரில் திரும்பும்போது அவர் மனைவியிடம் மிகுந்த கண்ணியத்துடன் பேசினார். "இத்தன நாளா என்ன சந்தேகப்பட்டியே, அம்புஜம். அந்தக் கொழுப்பு என்னோடது இல்ல. கிருமியோடது. நான் வெறும் எடம் குடுத்தவன்."

"கிருமியா போயி வடை வாங்கித் தின்னுச்சு?"

"விஞ்ஞானத்துல எல்லாம் இப்படி எடக்கா கேக்கக் கூடாது."

மறுநாளே கூட்டமைப்பின் அவசரக் கூட்டம் கூடியது. வந்திருந்த பொறுப்பாளர்களில் கொலஸ்ட்ரால் இல்லாதவர் எவருமில்லை. எனவே விவாதமே தேவைப்படவில்லை. 'கொழுப்புக்கும் உணவுக்கும் உள்ளதாகச் சொல்லப்படும் உறவு, மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது' என்ற தீர்மானம் பலத்த கைதட்டலுக்கிடையே நிறைவேறியது. அதைத் தொடர்ந்து பஜ்ஜி வழங்கப்பட்டது.

செய்தி ஜங்ஷன் வரை பரவியது. ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் இன்னொருவரிடம், "எனக்கும் ஹெலிகாப்டர்தாம்பா" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார். வீடு வீடாகக் கஞ்சி கீழே கொட்டப்பட்டது. பரிசோதித்துப் பார்த்துக் கிருமி இல்லை என்று வந்தவர்கள் மட்டும் தலை குனிந்து நடந்தார்கள். அவர்களுடைய கொழுப்பு அவர்களுடையதேதான் என்று நிரூபணமாகிவிட்டதல்லவா!

இவ்வளவு பெரிய விடுதலையைத் தேடித் தந்த கிருமிக்கு ஊர் என்ன கைம்மாறு செய்யப்போகிறது? ராஜ்மோகன் யோசனை சொன்னார். பீங்கானில் ஒரு சிலை. இடம்: கொளஞ்சி செராமிக்ஸ் வளாகம். திறப்பு விழாவுக்குப் பெயர்: 'கிருமி விழிப்புணர்வு விழா'.

சிலை செய்யும் பொறுப்பு பொம்மைப் பிரிவில் வேலை பார்க்கும் ராஜம்மாளிடம் போனது. ராஜ்மோகன் போனில் கிருமியின் படத்தைக் காட்டினார். ராஜம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ண எங்க சார் வெக்கறது?"

"கிருமிக்குக் கண்ணு கெடையாது, ராஜம்மா."

"கண்ணு இல்லாத பொம்மைய யாரு சார் வாங்குவாங்க?"

இந்த வாதம் விஞ்ஞானத்தை வென்றது. கண் வைக்கப்பட்டது. முறுக்கிக்கொண்ட புடலங்காய்க்கு வாலும் விழியும் முளைத்தாற்போல் ஓர் உருவம் சூளையிலிருந்து பளபளவென்று வெளிவந்தது. கொளஞ்சிநாதன் அதன் தலையைத் தடவிக்கொடுத்தார். கண்கள் கலங்கின.

பக்கத்தில் நின்ற ராஜம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மொதலாளி, எங்களுக்கும் ரொம்ப நாளா வவுத்தெரிச்சலுங்க."

"யார் மேல?"

"யார் மேலயும் இல்லீங்க. வவுத்துலதான் எரியுது. நெருப்ப அள்ளிக் கொட்டுன மாதிரி. பொம்மை ஷெட்டுல முக்காவாசி பேருக்கு இருக்குதுங்க."

"வேலையில கவனத்த வையி. எரிச்சல் எல்லாம் அடங்கிடும்" என்றார் கொளஞ்சிநாதன், மிகுந்த பரிவுடன். அவரைப் பார்க்க அடுத்துப் பந்தல்காரர் காத்திருந்தார்.

விழா நாள் வந்தது. வளாகத்தில் ஷாமியானா, வாழைமரம், ஒலிபெருக்கி. முன்வரிசையில் பட்டுப்புடவையில் அம்புஜவல்லி. பின்னால் தொழிலாளர்கள். சிறப்பு விருந்தினர் டாக்டர் கயல்விழி. விழிப்புணர்வு என்று அழைப்பிதழில் பார்த்து நம்பி வந்துவிட்டார். போர்வையை விலக்கியதும் இரு விழிகளால் தன்னையே உறுத்துப் பார்த்த கிருமியைக் கண்டு, நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

தலைவர் உரை. கொளஞ்சிநாதன் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கிருமி பணக்காரன், ஏழைன்னு பாக்கறதில்ல. நானும் அப்படித்தான்! எங்க கம்பெனியில மொதலாளி, தொழிலாளின்னு பேதமே கெடையாது. எனக்குன்னு தனியா கேன் தண்ணி கூட வாங்கினதில்ல. அதோ இருக்குதே, அந்தத் தொட்டி. இவங்க குடிக்கற அதே தண்ணியத்தான் நானும் இத்தன வருஷமா குடிக்கறேன்!"

ராஜ்மோகன் தொடங்கிவைக்க, கைதட்டல் காதைப் பிளந்தது. கொளஞ்சிநாதனுக்கே தம் எளிமையை நினைத்து உடல் சிலிர்த்தது.

அடுத்து டாக்டர் எழுந்தார்.

"கிருமிக்குச் சிலை வெச்சு நான் இப்பதான் பாக்கறேன். பரவால்ல, நல்லாதான் இருக்குது. இது எப்படி வயித்துக்குள்ள போகுதுன்னு சொல்லணும். பெரும்பாலும் சுத்தம் இல்லாத தண்ணி, கழுவாத கை, ஒருத்தர்கிட்டேந்து இன்னொருத்தர். எங்கேந்து ஆரம்பிக்கறதுன்னு யோசிச்சிட்டே வந்தேன். தலைவர் என் வேலைய லேசாக்கிட்டாரு. எல்லாரும் அதே தொட்டித் தண்ணிதான் குடிக்கறீங்கன்னு அவரே சொல்லிட்டாரு. அப்ப அந்தத் தொட்டியத்தான் மொதல்ல பாக்கணும். இங்க வேற யாருக்கெல்லாம் வயிறு எரியுது? கையத் தூக்குங்க."

ராஜம்மாள் கையைத் தூக்கினார். அவர் பக்கத்தில் இன்னொரு கை. அதன் பின்னால் ஒரு வரிசை. பிறகு ஷாமியானாவுக்கு அடியில் கைகளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பந்தல்காரர்கூடத் தூக்கினார், காலையிலிருந்து அவரும் அங்கேதான் தண்ணீர் குடித்திருந்தார்.

எல்லோரும் திரும்பித் தொட்டியைப் பார்த்தார்கள்.

அதுவரை அதை யாரும் அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை. மூடி எப்போதோ காற்றில் பறந்துவிட்டிருந்தது. அதற்குப் பதில் ஓர் உடைந்த ஓடு. ஓட்டின்மேல் இரண்டு புறாக்கள், தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அறியாமல் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. சுவர் நெடுகப் பச்சைப் பாசி, நல்ல செழிப்பாக.

ராஜ்மோகன் குனிந்து தலைவரின் காதைக் கடித்தார். "ஐயா, தொட்டிய டெஸ்ட் பண்ணா போச்சு. புதுத் தொட்டி, புது பைப்பு, அத்தன பேருக்கும் மாத்திரை, லீவு. ஆபீசருங்க வேற வந்து நிப்பாங்க. ஏதாவது பண்ணுங்கய்யா."

மாபெரும் தலைவர்களின் வாழ்வில் இப்படி ஒரு கணம் வரும் என்பார்கள். கொளஞ்சிநாதனுக்கும் வந்தது. கிருமி குற்றவாளி என்றால் தொட்டி குற்றவாளி. தொட்டி குற்றவாளி என்றால் தொட்டிக்காரன் குற்றவாளி. கிருமி குற்றவாளி இல்லையென்றாலோ, மிச்சம் இருப்பது பரோட்டா. பரோட்டா என்றால் அம்புஜவல்லி. ஒரு பக்கம் கை தூக்கிய கூட்டம். மறு பக்கம் முன்வரிசையில் பட்டுப்புடவை. எந்தப் பக்கம் விழுந்தால் அடி குறைவு என்று அவர் தம் வாழ்நாளிலேயே மிக வேகமாக ஒரு கணக்குப் போட்டார்.

மைக்கைத் திரும்ப வாங்கினார்.

"அன்பான மக்களே! என் மனசாட்சி என்னைத் தூங்க விடல. நான் ஓர் உண்மைய மறைச்சிட்டேன். கிருமி மேல அபாண்டமா பழி போட்டுட்டேன். என் கொழுப்புக்குக் காரணம் கிருமி இல்ல!"

உயர்ந்திருந்த கைகள் தாமாகவே இறங்கின.

"பரோட்டா! வேப்பூர் பரோட்டா! களிமண் லாரி பாக்கப் போறேன்னு சொல்லிட்டு, நெடுஞ்சாலை ஓரத்துல உக்காந்து, சால்னா ஊத்தி, ஊத்தி..." விம்மி அழுதார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அம்புஜவல்லி எழுந்து நின்றார். "அதானே பாத்தேன்! களிமண்ணு பாக்கப் போன மனுசன் சட்டையில சோம்பு வாசனை எப்படி வந்துச்சுன்னு!"

"நம்ம தலைவரோட நேர்மை வாழ்க!" என்று ராஜ்மோகன் கத்தினார். "பரோட்டா ஒழிக!"

"ஒழிக! ஒழிக!" என்றது கூட்டம். கண்ணெதிரே ஒரு பெரிய மனிதர் அழுதால் யாருக்குத்தான் நெஞ்சு உருகாது? பொறுப்பாளர்கள் ஓடிவந்து அவரைத் தழுவினார்கள். ஒருவர் தம் சொந்தப் பரோட்டாக்களையும் சேர்த்து ஒப்புக்கொண்டு அழுதார்.

"பரோட்டாவ விடறது நல்லதுதாங்க. ஆனா அது வேற, தண்ணி வேற" என்று டாக்டர் கயல்விழி உரக்கச் சொன்னார். மைக்கை அதற்குள் நாதஸ்வரக்காரரிடம் நகர்த்தியிருந்தார்கள்.

அங்கேயே, அந்த மேடையிலேயே, கொளஞ்சிநாதனுக்கு 'வாய்மைச் செம்மல்' என்ற பட்டம் வழங்கப்பட்டது. கிருமியின் சிலையும் வீணாகவில்லை. மறுநாள் அதற்கு மீசை வரைந்து, 'பரோட்டா அரக்கன்' என்று பெயரை மாற்றி, கொலு பொம்மைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

வீட்டில் அன்று சாயங்காலம் அம்புஜவல்லி மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டியபடி கேட்டார்: "பரோட்டா சமாச்சாரத்த நான் அப்புறம் வெச்சிக்கறேன். அந்தத் தொட்டிய எப்பங்க கழுவுனீங்க?"

"திருந்தி வந்த மனுசன பழசெல்லாம் கேட்டுக் கலைக்காத, அம்புஜம்."

"பழசு இல்லீங்க. நாளைக்கும் அதுலதானே அவங்க குடிப்பாங்க?"

கொளஞ்சிநாதன் மாத்திரையை விழுங்கினார். விழுங்கும்போது பேசக்கூடாது என்று ஒரு மருத்துவ விதி உண்டு. அதை அவர் வெகுநேரம் கடைப்பிடித்தார்.

அம்புஜவல்லியின் கண்காணிப்பில் ஒரு வேளை தவறாமல் மாத்திரைகள் உள்ளே போயின. வேப்பூர் பயணம் நின்றது. ஆபீஸ் அறைக்குக் கேன் தண்ணீர் வந்தது. பேதம் பார்க்காதவர் என்பதால் ராஜ்மோகனுக்கும் அதிலிருந்தே ஒரு டம்ளர் கிடைத்தது. எரிச்சல் அடங்கியது. ஏப்பம் ஓய்ந்தது. சில மாதங்கள் கழித்து ரத்தத்தில் கொழுப்பும் இறங்கியிருந்தது. இறக்கியது மாத்திரையா, நிறுத்திய பரோட்டாவா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. "ரெண்டும் கூட இருக்கலாங்க" என்றார். "தொட்டிய என்ன பண்ணீங்க?" என்றும் கேட்டார். தொட்டியை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடவில்லை. அதன் பாசிச் சுவரை மறைத்துப் பெரிதாக ஒரு பலகை மாட்டப்பட்டிருந்தது: 'பரோட்டாவைத் தவிர்ப்போம்! வயிற்றைக் காப்போம்! - இப்படிக்கு, வாய்மைச் செம்மல்.'

ஒரு நாள் மத்தியானம் ராஜம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் அறைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அரை நாள் லீவு வேணுங்க மொதலாளி. டாக்டரம்மாவ பாக்கணும். எரிச்சல் தாங்க முடியல."

கொளஞ்சிநாதன் எழுந்து வந்தார். அவரை உட்காரச் சொன்னார். இப்போதெல்லாம் யாருக்கு வயிறு எரிந்தாலும் அவருக்கு மனசு தாங்குவதில்லை.

"காலையில என்ன சாப்ட்ட?"

"கேவுரு கூழுங்க."

"நேத்து?"

"அதேதாங்க. வவுறு எரியறதால வேற எதுவும் எறங்கல."

கொளஞ்சிநாதன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு பாவி இன்னொரு பாவியிடம் பேசும் அன்போடு கேட்டார்:

"மறைக்காத, ராஜம்மா. ஊர் முன்னாடி நானே ஒத்துக்கிட்டேன். ஒனக்கென்ன வெக்கம்? சொல்லு, எந்தக் கடைப் பரோட்டா?"